பதிவு செய்கிறார்கள், பிறகு வருவதில்லை: கல்வி இணையதளங்களில் நம் பிள்ளைகள் நிலைப்பது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வரும் நேரத்தில் நம் ஜமாஅத்துகளிலும் இளைஞர் அமைப்புகளிலும் ஒரு வேகம் பிறக்கும். கல்வி வழிகாட்டி நிகழ்ச்சி நடக்கும், உதவித்தொகை விண்ணப்பங்கள் வாங்கப்படும், பல ஊர்களில் அதோடு சேர்த்து ஒரு கல்வி இணையதளமும் தொடங்கப்படும். வாட்ஸ்அப் குழுக்களில் அதன் இணைப்பு சுற்றி வரும். முதல் வாரம் நிறையப் பேர் திறந்து பார்ப்பார்கள், பதிவும் செய்வார்கள். ஆகஸ்ட் மாதம் வரும்போது அந்தத் தளத்தைத் திறப்பவர் பெரும்பாலும் அதை உருவாக்கிய தம்பி ஒருவராகத்தான் இருப்பார்.

செலவான பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆசையாகப் பதிவு செய்த பிள்ளை மூன்றாம் வாரத்தில் நின்றுபோனதும், ‘நமக்குப் படிப்பு வராது’ என்று தனக்குள் முடிவு கட்டிவிடுகிறது. தளத்தின் அமைப்பில் இருந்த குறையைத் தன்னுடைய குறையாக எடுத்துக்கொள்கிறது. பெரிய இழப்பு இதுதான். ஆகவே ஒரு கல்வித் தளத்துக்கு ஆட்களை வரவழைப்பது எது, வந்தவர்களை நிற்க வைப்பது எது என்பதைத் தளம் நடத்துபவர்கள் மட்டுமல்லாமல் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இது ஏன் அவசரம்?

திருவள்ளூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மாவட்டத் தலைநகர் அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிறது. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி எல்லாம் கூடூர் பாதையில் இருக்கின்றன. ஒரே மாவட்டம்தான். ஆனாலும் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து வண்டி மாற வேண்டும். சாலை வழியாகப் போய் வந்தாலும் அரை நாள் போய்விடும். பழவேற்காட்டில் இருப்பவர்கள் முதலில் பஸ் பிடித்துப் பொன்னேரிக்கு வந்தாக வேண்டும். திருவள்ளூர் டவுனில் எவ்வளவு நல்ல பயிற்சி மையம் நடந்தாலும் வடக்குப் பகுதிப் பிள்ளைகளுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரீ-ரோலிங் மில்களும் வார்ப்பாலைகளும் ரசாயன, பிளாஸ்டிக் கம்பெனிகளும் வரிசையாக இருக்கின்றன. பக்கத்திலேயே தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. பிளஸ் டூவோடு நின்ற பையன் கான்ட்ராக்டர் மூலம் உள்ளே போய்விடலாம். போன பிறகு ஒரு படி மேலே ஏறத்தான் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ ஏதாவது ஒரு சான்றிதழோ தேவைப்படுகிறது. இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட் என்று இருப்பவர் எந்த வகுப்பில் போய்ச் சேருவார்? பழவேற்காட்டில் பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு, தினமும் சென்னை வரை போய் வரும் படிப்பு என்றால் வீட்டில் சம்மதம் வாங்குவதே பெரும்பாடு. இவர்களில் பலருக்கு மிஞ்சியிருக்கும் வழி இணையவழிக் கல்விதான். அதுவும் பாதியில் நின்றால் மாற்று வழி கிடையாது.

வந்தவர்கள் எங்கே போனார்கள்?

பாதியில் நிற்பது நம் பிள்ளைகளிடம் மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 2011-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. ஏறக்குறைய 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். முடித்தவர்கள் சுமார் 23,000 பேர். அடுத்த ஆண்டு எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து எட்எக்ஸ் என்ற தளத்தைத் தொடங்கின. உலகத்தின் மிகச் சிறந்த பேராசிரியர்கள், இலவசப் பாடம், நல்ல தொழில்நுட்பம் என்று எல்லாமே அதில் இருந்தது. 2012 முதல் 2018 வரையிலான அதன் கணக்கை ஆராய்ந்து 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 52 விழுக்காட்டினர், பாடத்துக்குள் ஒரு முறைகூட நுழையவில்லை. 2017-18-இல் பாடத்தை முடித்தவர்கள் வெறும் 3 விழுக்காடு.

அதே ஆண்டில் சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 46 விழுக்காட்டினர் முடித்திருக்கிறார்கள். பணம் கட்டியதால் முடித்தார்களா, முடிக்கும் உறுதி உள்ளவர்கள்தான் பணம் கட்டினார்களா என்பது வேறு கேள்வி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும் என்று நினைக்கிறேன்.

விளம்பரத்தால் ஆட்களைக் குவித்துவிடலாம் என்ற எண்ணத்துக்கும் நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. பைஜூஸ் நிறுவனம் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் தன் பெயரைப் போட்டது. 2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்கும் விளம்பரதாரராக இருந்தது. 2024 ஜூலையில் கிரிக்கெட் வாரியமே தன் பாக்கிப் பணத்துக்காகத் தொடுத்த வழக்கில் அந்த நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. அதன் சரிவுக்குக் கணக்கு வழக்கு, கடன் என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும், பெயர் வீடு வீடாகத் தெரிவதும் பிள்ளை தினமும் உட்கார்ந்து படிப்பதும் வேறு வேறு விஷயங்கள் என்பதை அந்தக் கதை நன்றாகவே காட்டிவிட்டது.

சென்னையில் இருக்கும் ஒரு முன்மாதிரி

நமக்கு மிக அருகில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் என்.பி.டி.இ.எல். அதை ஒருங்கிணைப்பது சென்னை ஐ.ஐ.டி. முதல் பத்தாண்டுகள் அது ஒரு வீடியோ நூலகமாக இருந்தது. வேண்டியவர் வேண்டிய நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். 2014 மார்ச்சிலிருந்து அதே பாடங்களைச் சான்றிதழ் வகுப்புகளாக நடத்தத் தொடங்கினார்கள். வீடியோ பழைய மாதிரிதான். அதைச் சுற்றிப் போட்ட வேலிதான் புதிது.

அந்த வேலியைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். பாடம் எப்போது வேண்டுமானாலும் தொடங்காது. ஜனவரியில் ஒரு பருவம், ஜூலையில் ஒரு பருவம். 4, 8, 12 வாரப் பாடங்கள் உண்டு. வாரா வாரம் ஒரு பயிற்சித்தாள், அதற்கு ஒரு கடைசித் தேதி. தேதி போனால் போனதுதான். பாடம் கேட்பதற்குக் காசு இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் 1,000 ரூபாய் கட்டித் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது, மையத்துக்கு நேரில் போக வேண்டும். கல்லூரிகளில் உள்ளூர்க் கிளை என்று வைத்து, ஓர் ஆசிரியரைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். எந்த மாணவர் பயிற்சித்தாள் போடவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மதிப்பெண் கணக்குதான். பயிற்சித்தாள்களுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் 12 பயிற்சித்தாள் உண்டு. ஆனால் கணக்கில் எடுப்பது அதில் சிறந்த 8 மட்டும். 8 வாரம் என்றால் சிறந்த 6. நான்கு வாரம் தவறிப்போனாலும் மாணவர் ஓட்டத்திலிருந்து வெளியேறுவதில்லை. கல்யாணம், காய்ச்சல், இரவு ஷிப்ட், வீட்டில் ஒரு மவுத் என்று எல்லோருக்கும் நாலு வாரம் போகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்து அமைத்ததுபோல் இருக்கிறது. நம் பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் பாடம் கடினமாக இருப்பதால் நடப்பதில்லை. ஒரு வாரம் தவறியதும், ‘இனிமேல் பிடிக்க முடியாது’ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த எண்ணம் வராமல் பார்த்துக்கொள்ளும் தளத்தில் ஆட்கள் நிற்கிறார்கள்.

இன்னொன்று, படித்ததற்கு ஒரு கதவு திறக்க வேண்டும். 2017-இல் மத்திய அரசு ஸ்வயம் தளத்தைத் தொடங்கியது. என்.பி.டி.இ.எல். பாடங்கள் அதன் வழியாகவே நடக்கின்றன. 2021-இல் வந்த யு.ஜி.சி. விதிப்படி, கல்லூரிகள் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் மூலம் படித்து எடுத்த மதிப்பை ஏற்றுக்கொள்ளலாம். தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் பாடங்களைத் தனித் தளமாக விட்டுவிடாமல் கல்லூரியோடு கட்டியிருக்கிறது. சான்றிதழை ஏற்க ஒரு கல்லூரியோ கம்பெனியோ மறுமுனையில் இருந்தால்தான் பிள்ளைக்குக் கடைசி வாரம் வரை கால் ஓடும்.

முதல் பத்து நிமிடம்

ஆட்களை வரவழைப்பதற்கு வருவோம். ‘கல்வி’ என்று யாரும் இணையத்தில் தேடுவதில்லை. ஐ.டி.ஐ. பிட்டர் மாடல் கேள்வித்தாள், சிறுபான்மை உதவித்தொகைக்குக் கடைசித் தேதி, பத்தாம் வகுப்புக் கணக்கில் அஞ்சு மார்க் கேள்வி என்று குறிப்பாகத்தான் தேடுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் இருக்கும் பக்கம்தான் ஆளைக் கொண்டுவரும். நம் தளங்களின் முகப்பில் நிர்வாகிகளின் படங்களும் வாழ்த்துரைகளும் வரிசையாக இருக்கும். கேள்வித்தாள் தேடி வந்த பையன் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. போக மாட்டான்.

அடுத்த தடை பதிவு. மின்னஞ்சல் கேட்கிறார்கள், செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்புகிறார்கள். வீட்டில் உள்ள எண் அத்தாவுடையதாக இருக்கும். அவர் இருப்பது ஆலையில். பல ஆலைகளில் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஓ.டி.பி. பூட்டிய பெட்டிக்குள் வந்து காலாவதியாகும். முதல் பாடத்தையாவது பதிவு இல்லாமல் பார்க்க விட்டால் என்ன நஷ்டம்?

பிறகு வீடியோவின் நீளம். எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதன் பதிவுகளை 2014-இல் ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் சராசரியாக ஆள் நிற்பது ஆறு நிமிடம்தான் என்று தெரிந்தது. பெரிய ஸ்டுடியோவில் எடுத்ததைவிட, எழுதிக்கொண்டே பேசும் எளிய வீடியோவில் ஆட்கள் அதிகம் நின்றார்கள். கேமராவுக்குச் செலவு செய்ய நினைக்கும் அமைப்புகள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேர பயானைப் பதிவு செய்வதுபோல வகுப்பையும் முழுதாகப் பதிவு செய்து ஏற்றினால் யாரும் பார்க்க மாட்டார்கள். அதையே ஆறாகவோ எட்டாகவோ நறுக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் இரண்டு கேள்வி வைத்தால் மாலை ரயிலில் மீஞ்சூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் ஒன்றிரண்டை முடித்துவிடலாம். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். அன்றைய டேட்டா தீர்ந்த பிறகுதான் பல பேருக்குப் படிக்க நேரமே கிடைக்கிறது.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. பாடநூலில் மின்னோட்டம் என்று இருக்கும், ஒர்க்ஷாப்பில் கரண்ட் என்பார்கள், தேர்வில் ஆங்கிலச் சொல் வரும். மூன்றையும் சேர்த்துச் சொல்லும் ஆசிரியரைப் பிள்ளைகள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். என்.பி.டி.இ.எல். தன் பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழிலும் தருகிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

மக்தபில் பிள்ளை ஏன் நிற்கிறது?

இவ்வளவு ஆராய்ச்சியையும் படித்துவிட்டு நம் தெரு மக்தபைப் பார்த்தால் கொஞ்சம் வியப்பாக இருக்கும். கட்டடம் பெரிதாக இல்லை, விளம்பரம் இல்லை, பரிசுப் புள்ளி இல்லை. ஆனாலும் பிள்ளைகள் வருடக்கணக்கில் ஓதப் போகிறார்கள். காரணங்கள் எளிமையானவை. நேரம் ஒன்றுதான், மாறாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் பாடம் தனி. பக்கத்துப் பிள்ளை எந்த ஜுஸ்வில் இருந்தாலும் நம் பிள்ளைக்கு இன்று கொடுப்பது மூன்று வரிதான். நேற்றைய பாடத்தை ஒப்பிக்காமல் அடுத்தது கிடையாது. இரண்டு நாள் வரவில்லை என்றால் ஹஜ்ரத் வீட்டுக்கு ஆள் அனுப்புவார், அல்லது ஜும்ஆவில் வாப்பாவைப் பிடித்துக் கேட்பார்.

கடைசியாகச் சொன்னதுதான் இணையதளங்களில் இல்லாதது. எந்திரம் அனுப்பும் நினைவூட்டல் அதற்கு ஈடாகாது. ஹார்வர்டு, எம்.ஐ.டி., ஸ்டான்போர்டு பல்கலைக்கழகங்களின் ஏறக்குறைய 250 இணையப் பாடங்களில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2020-இல் வெளியானது. ‘எப்போது, எங்கே உட்கார்ந்து படிக்கப் போகிறீர்கள் என்று திட்டம் எழுதுங்கள்’ என்று தொடக்கத்தில் கேட்டால், முதல் சில வாரங்கள் ஈடுபாடு கூடியது. பாடத்தை முடித்தவர் எண்ணிக்கை கூடவில்லை.

தெருவில் ஓர் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. கொரோனா காலத்தில் கல்வித் தொலைக்காட்சியும் செயலிகளும் இருந்தன. ஆனாலும் பிள்ளைகள் மிகவும் பின்தங்கிப் போனார்கள். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. ஏறக்குறைய 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்களே, மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிகள் திறந்த பிறகு பிள்ளைகள் மீட்டெடுத்த கல்வியில் கிட்டத்தட்டக் கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பழவேற்காட்டில் வீட்டில் இருக்கும் அந்தப் பெண் இணையத்தில் படிப்பவராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. தெருவில் பத்துப் பிள்ளைகளின் பெயரைக் கையில் வைத்து, யார் இந்த வாரம் பாடம் திறக்கவில்லை என்று கேட்பவராகவும் இருக்கலாம்.

நிறுத்தி வைப்பதெல்லாம் படிப்பா?

பெற்றோர் இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையைத் திரை முன் நிறுத்தி வைக்கத் தெரிந்த செயலிகள் நிறைய உண்டு. மொழி கற்பிக்கும் டுவோலிங்கோவில் எத்தனை நாள் விடாமல் வந்தீர்கள் என்று ஒரு கணக்கு ஓடும். அந்தக் கணக்கு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே ராத்திரி பதினொன்றரைக்கு ஓர் எளிய பாடத்தைத் தட்டிவிட்டுத் தூங்குபவர்கள் உண்டு. வருகை இருக்கிறது, கற்றது கொஞ்சம்தான். இன்னொரு பக்கம், கான் அகாடமியின் கணக்குப் பயிற்சித் திட்டம் ஒன்றில் வாரம் 30 நிமிடம் படித்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள் என்று ஆய்வு சொன்னது. அந்த 30 நிமிடத்தை எட்டிய பிள்ளைகள் 5 விழுக்காடுகூட இல்லை என்பதையும் 2024-இல் ஒரு கட்டுரை எடுத்துக்காட்டியது. விளம்பரத்தில் வருவது அந்த ஐந்து பேரின் வெற்றிதான்.

எனவே பிள்ளை எவ்வளவு நேரம் தளத்தில் இருந்தது என்று கேட்பதில் பயன் குறைவு. போன வாரம் தெரியாதது இந்த வாரம் எது தெரியும் என்று கேட்டு, தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போட்டுக் காட்ட முடிந்தால் தளம் நல்ல தளம். மூன்று வாரமாக முடியவில்லை என்றால் தளத்தை மாற்றுங்கள், பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

புதிதாகத் தளம் தொடங்க நினைக்கும் ஜமாஅத்துகள் வீடியோ தயாரிக்கும் வேலையில் இறங்குவதற்கு முன் யோசிக்கலாம். பாடம் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குத் தொழிற்பிரிவு வாரியாகக் கேள்வி வங்கி மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் இருக்கிறது. நம்மிடம் இருக்க வேண்டியது பத்துப் பத்துப் பேர் கொண்ட குழு, குழுவுக்கு ஒரு பொறுப்பாளர், ஷிப்டைப் பார்த்து முடிவு செய்த ஒரு நேரம், மதரஸாவில் மாலை வேளையில் திறந்திருக்கும் ஓர் அறை, அதில் வைஃபை. இரவு ஷிப்ட் வாரத்தில் உள்ளவர் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்த்துப் படிக்கலாம். 1,000 ரூபாய் தேர்வுக் கட்டணத்தைப் பைத்துல்மாலிலிருந்து கொடுப்பதாக இருந்தால், முதலிலேயே கொடுத்துவிடாமல் பாதிப் பயிற்சித்தாள் முடித்தவருக்குக் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சில ஆண்டுகளாக ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. ஜனவரிப் பருவத்தில் 12 வாரப் பாடம் எடுப்பவருக்கு நோன்பும் தராவீஹும் பெருநாள் வேலையும் நடுவில் வரும். முதல் முறையாகப் படிப்பவர் ஜனவரியில் 4 வாரப் பாடம் ஒன்றை எடுத்துப் பழகிவிட்டு, பெரிய பாடத்தை ஜூலைப் பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.